சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?

அன்புள்ள ஐயா,

எனக்கு 28 வயது. வேளச்சேரியில் வீடு, ஓஎம்ஆரில் வேலை. போன வருடம் விரைப்புற்று என்று தெரிந்து ஒரு விரையை எடுத்தார்கள். பிறகு மூன்று சுற்று கீமோ. இப்போது ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனால் விரல் நுனிகள் மரத்தே இருக்கின்றன, காதில் ஓயாத இரைச்சல், மதியத்துக்கு மேல் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. சொன்னால், "அதான் சரியாயிடுச்சே, கடவுளுக்கு நன்றி சொல்லு" என்கிறார் அப்பா. சொந்தக்காரர்களிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். பெண் வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா? நான் நன்றி கெட்டவனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நன்றி கெட்டவர் இல்லை. உங்களுக்கு வந்தது மருத்துவம் மார்தட்டிக்கொள்ளும் நோய், சிக்கலே அதுதான். 1970களில் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும்வரை, நோய் பரவியபின் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று விரைப்புற்று வந்தவர்களில் மொத்தமாக 100 பேரில் 90க்கு மேல் பிழைக்கிறார்கள். யுவராஜ் சிங்கும் அவரிடம்தான் போனார் (அவருக்கு அதே இனத்துக் கட்டி, நெஞ்சுக்குள்). 2012 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில்தான் மீண்டும் ஆட இறங்கினார், 34 ரன் எடுத்தார். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்ட ஊரில், 'இன்னும் முடியலப்பா' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் விரல் மரப்பதும் காது இரைவதும் மனப்பிரமை இல்லை. சிஸ்பிளாட்டின் நரம்பையும் உள்காதையும் தாக்கும். மரப்பு பலருக்கு மெல்லக் குறையும், இரைச்சல் சிலருக்குத் தங்கிவிடும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு 'குட்' என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து இந்த மூன்றையும் சொல்லுங்கள். காதுப் பரிசோதனை கேளுங்கள். சோர்வுக்குக் காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவும் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சிய ஒரு விரையே பெரும்பாலும் போதும். சிலருக்குப் போதாமல் போகும்.

கல்யாணம். சொல்லுங்கள். நிச்சயத்துக்கு முன்பே, தரகர் வழியாக இல்லை, அம்மா வழியாகவும் இல்லை, அந்தப் பெண்ணிடம் நீங்களே. நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், வருடக்கணக்கில் செக்கப் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த ஹெர்னியாவைச் சொல்லிக்கொண்டு கிளம்புவீர்கள்? அதற்கு முன் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீமோவில் எண்ணிக்கை விழும், பலருக்கு இரண்டு மூன்று வருடங்களில் ஏறும். கீமோவுக்கு முன் விந்தணு சேமித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கல்யாணமாகாத பையனிடம் அதைக் கேட்க இங்கே டாக்டருக்கும் கூச்சம், பையனுக்கும் கூச்சம். கைவிட்டுப் போவது பையனுக்குத்தான். பெண் வீட்டார் மறுத்தால் வலிக்கும். மறைத்துக் கட்டிய பிறகு தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வலிக்கும்.

அப்பாவை அடுத்த செக்கப்புக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை டாக்டர் சொன்னால் நம்புவார், நம் வீடுகள் அப்படித்தான்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் கீமோவில் பிளியோமைசின் இருந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். இருந்தால், பின்னால் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அது நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஜிம்மில் யாராவது ஹார்மோன் ஊசியை நீட்டினால் வாங்காதீர்கள். தேவையென்றால் உங்கள் டாக்டர் எழுதித் தரட்டும்.