ஞாயிறு மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட்

கேள்வி: திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிங்க. அறுபது பேருக்குச் சொந்த மெயில் சர்வர். வாடகை கிளவுட் மெஷின்ல உபுன்டு லினக்ஸ், மெயில் வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில வச்சுக் காட்ட டவ்காட். ராத்திரி 2:30க்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடணும்: மெயிலை எல்லாம் ஆர்சிங்க்ங்கற நகலெடுக்கற கட்டளையில இன்னொரு டிஸ்க்குக்கு பேக்கப் எடுத்துட்டு, 30 நாளுக்கு மேல ட்ராஷ்ல கிடக்கறதை அழிக்கணும். ராத்திரி உக்காந்து கையில ஓட்டினா ஒழுங்கா ஓடுதுங்க. கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டி விடறது) போட்டா ஞாயித்துக்கிழமை மட்டும் முழுசா முடியுது, மத்த நாள்ல ட்ராஷ் அப்படியே கிடக்குது. சனிக்கிழமை ஆனா டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டுடுது, அன்னைக்கு பையர் மெயில் மூணு மணி நேரம் கழிச்சு வருது. ஸ்கிரிப்ட்டையும் அனுப்பியிருக்கறேன். எங்கீங்க தப்பு?

பதில்: "ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கையில் ஓடும், கிரானில் ஓடாது என்றதும் எல்லோரும் முதலில் கைவைப்பது பாத்தில்தான், அதாவது கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியலில். கிரானுக்கு உங்கள் லாகின் சூழல் கிடையாது. பயனரின் கிரான்டேப்பிலிருந்து (கிரானுக்கான நேரப் பட்டியல்) ஓடும்போது அது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டில் மட்டும் தேடும். போஸ்ட்சூப்பர் மாதிரி எஸ்பின்னில் குடியிருக்கும் கட்டளைகள் கிடைக்காமல் 127 என்ற முடிவு எண்ணோடு விழும் (ஒழுங்காக முடிந்தால் அந்த எண் பூஜ்யம்). விண்டோஸில் திருத்திய ஃபைலின் வரிக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ^எம், கிரான்டேப் வரியில் பின்சாய்வு போடாமல் விட்ட % குறி, கிரான்.டெய்லி ஃபோல்டரில் .எஸ்ஹெச் என்று முடியும் பெயர் (பெயரில் புள்ளி இருந்தால் உபுன்டு அந்த ஃபைலைக் கண்டுகொள்ளவே கொள்ளாது) என்று வழக்கமான குற்றவாளிகள் இன்னும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் கிழமை பார்த்து வேலை செய்யாது. பாத் தப்பென்றால் ஏழு நாளும் தப்பு. எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம்.

சர்வரில் 'டேட்' என்று அடித்துப் பாருங்கள். கிளவுட் மெஷின்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. அங்கே 2:30 என்றால் திருப்பூரில் காலை 8:00. நீங்கள் நடுராத்திரி என்று நினைத்த வேலை, மெர்ச்சண்டைசர்கள் ஒரு கையில் டீயோடு ஃபோனில் பையர் மெயிலைத் திறக்கிற நேரத்தில் ஆரம்பிக்கிறது. அறுபது பெட்டிகளையும் ஒரு சுற்று வருவதற்குள் ஆபீஸ் நிறைந்துவிடும். ஞாயிறு காலை யாரும் பெட்டியைத் தொடுவதில்லை. நீங்கள் கையில் ஓட்டிப் பார்த்த ராத்திரியும் அப்படித்தான்.

யாராவது தொட்டால் என்ன ஆகும்? உங்கள் டவ்காட் மெயில்டிர் முறையில் இருக்கிறது. அதில் ஒரு மெயில் என்பது ஒரு ஃபைல். புதிதாக வந்தது 'நியூ' ஃபோல்டரில் கிடக்கும். பெட்டியைத் திறந்ததும் 'கர்' ஃபோல்டருக்கு நகரும். படித்தால் பெயரின் வாலில் :2,எஸ் என்று ஒட்டும், பதில் போட்டால் ஆர் எழுத்தும் சேரும். மெயிலைப் படித்தாலே ஃபைலின் பெயர் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். ஆர்சிங்க் பட்டியல் எடுத்துவிட்டு நகலெடுக்கப் போகும்போது பழைய பெயரில் அங்கே ஒன்றும் இருக்காது. 'ஃபைல் ஹேஸ் வானிஷ்ட்' என்று எழுதிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து முடித்து, 24 என்ற எண்ணோடு வெளியே வரும். பல லட்சம் ஃபைலில் ஒன்றே ஒன்று நகர்ந்தாலும் 24தான்.

உங்கள் ஸ்கிரிப்ட்டின் இரண்டாவது வரி 'செட் -இ'. பூஜ்யம் தவிர எந்த எண் வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடு என்று பொருள். பேக்கப் முடிந்தது, 24 வந்தது, ஸ்கிரிப்ட் நின்றது. அடுத்த வரியில் இருக்கிற ட்ராஷ் அழிப்பு தொடங்கவே இல்லை.

உறுதி செய்ய, வேலை நாளில் காலை பத்து மணிக்கு ஆர்சிங்க் வரியை மட்டும் கையில் ஓட்டி, முடிந்ததும் 'எக்கோ $?' அடியுங்கள், முடிவு எண்ணைக் காட்டும். கிரானின் லாகில் சிஎம்டி என்று ஒரு வரி தினமும் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேலை தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஸ்கிரிப்ட் புலம்பியதை எல்லாம் கிரான் தினமும் ரூட் (சர்வரின் நிர்வாகக் கணக்கு) பெயருக்கு மெயிலாக அனுப்பியிருக்கும். /வார்/மெயில்/ரூட் ஃபைலைத் திறந்து பாருங்கள், படிக்க ஆளில்லாமல் அங்கே குவிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி சரிசெய்வது. கிரான்டேப் நேரத்தை 21:00 ஆக்குங்கள்; யூடிசியில் அதுதான் நம் அதிகாலை 2:30. 'டைம்டேட்சிடிஎல்' கொண்டு மெஷினின் நேரத்தையே ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுவதானால், உடனே கிரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அது பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நேரத்தை மாற்றியது மட்டும் போதாது. நியூயார்க் பையர் நம் நள்ளிரவில்தான் விழித்திருப்பார், அவருக்காக முழித்திருப்பவர் உங்கள் ஆபீஸிலும் ஒருவராவது இருப்பார். அதற்காக 'செட் -இ' வரியைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத (சர்வரோடு இணையாத) ஒரு நாளில், ஆர்சிங்க் அத்தனை மெயிலையும் மெயின் டிஸ்க்கிலுள்ள காலி ஃபோல்டரில் கொட்டி அதை நிரப்பும்; பிறகு பேக்கப்பே இல்லாமல் அழிப்பும் நடக்கும். எனவே ஆர்சிங்குக்கு முன் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ' போட்டு டிஸ்க் இருக்கிறதா என்று சோதியுங்கள். அடுத்து ஆர்சி=0 என்று ஒரு வரி எழுதி, ஆர்சிங்க் வரியின் கடைசியில் || ஆர்சி=$? சேருங்கள். வந்தது 0 அல்லது 24 என்றால் மேலே போகட்டும், வேறு எதுவானாலும் நிற்கட்டும். 24 வந்தால் ஆர்சிங்கை உடனே இன்னொரு முறை ஓட்டுவது நல்லது. இரண்டாம் சுற்று சீக்கிரம் முடியும், விட்டுப்போன மெயில்களும் புதிய பெயரில் வந்து சேரும்.

அழிக்கும் வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டவ்காட்டின் 'டவ்அட்ம் எக்ஸ்பஞ்ச்' என்ற அழிப்புக் கட்டளையில் 'பிஃபோர் 30டி' என்று கொடுத்திருக்கிறீர்கள். அது மெயில் வந்த தேதியைப் பார்க்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய ஆர்டர் ஷீட்டை ஒருவர் இன்று கைதவறி ட்ராஷில் தள்ளினால், இன்று இரவே போய்விடும். 'சேவ்ட்பிஃபோர் 30டி' என்று மாற்றினால் ட்ராஷுக்கு வந்த நாளிலிருந்து எண்ணும். முதல் முறை எக்ஸ்பஞ்ச் இருக்கும் இடத்தில் 'சர்ச்' போட்டு, எத்தனை மெயில் சிக்குகிறது என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

இவ்வளவு செய்தும் டிஸ்க் நீங்கள் எதிர்பார்க்கிற அளவு குறையாமல் போகலாம். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் அழிப்பது 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' என்ற தனி ஃபோல்டருக்குப் போவதுண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தொடுவதே இல்லை. 'டவ்அட்ம் மெயில்பாக்ஸ் லிஸ்ட்' மூலம் யார் யாருக்கு அது இருக்கிறது என்று பார்த்து, அதற்கும் ஒரு வரி சேருங்கள். டெக் பேக், ஆர்ட்வொர்க் என்று கனமான இணைப்புகள் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். கையோடு 'டிஎஃப் -ஐ'யும் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று செலவாகும். இஎக்ஸ்டி4 முறையில் அமைத்த டிஸ்க்கில் வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு, அதாவது 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். மெயிலுக்கு ஒரு ஃபைல் என்பதால், இடம் மிச்சமிருந்தும் ஐநோடு தீர்ந்துபோவது மெயில்டிரில் நடக்கிற காரியம்தான்.

சனிக்கிழமை தாமதத்துக்கும் டிஸ்க்தான் காரணம். க்யூ (போஸ்ட்ஃபிக்ஸின் மெயில் வரிசை) இருக்கும் டிஸ்க்கில் காலி இடம், மெயில் அளவு வரம்பின் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போஸ்ட்ஃபிக்ஸ் 452 சொல்லி வாங்க மறுக்கும். இயல்பான வரம்பு 1,02,40,000 பைட். அதற்கு 15 எம்பி சொச்சம் காலி வேண்டும். பெரிய இணைப்புகளுக்காக வரம்பை 50 எம்பி ஆக்கியிருந்தால் 75 எம்பி. 452 தற்காலிக மறுப்பு என்பதால் பையரின் சர்வர் திரும்பத் திரும்ப முயலும், மெயில் தொலையாது. அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் இயல்பாக 5 நாள் வரை முயலும்.

கடைசியாக, /இடிசி/அலையஸஸ் ஃபைலில் ரூட் பெயருக்கு ஒரு முகவரி கொடுத்து 'நியூஅலையஸஸ்' ஓட்டுங்கள். அந்த முகவரி இந்த சர்வரிலேயே இருக்கக் கூடாது. டிஸ்க் நிறைந்த நாளில் எச்சரிக்கை மெயில் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். நிறைந்த டிஸ்க்கிலிருந்து வெளியே அனுப்புவதும் உறுதியில்லை என்பதால், 90 சதவீதத்தைத் தாண்டும்போதே மெயில் போகும்படி ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ஒரு வரி வையுங்கள்.