திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போனவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 36 வயது. கோவையில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது மீண்டும் கருவுற்று 22 வாரம் ஆகிறது. 12ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் நீர் அதிகம் என்றார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை, 17ஆம் வாரத்தில் பனிக்குட நீர்ப் பரிசோதனை. டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது. போன வாரம் எடுத்த எக்கோவில் இதயத்தின் நடுவே ஓட்டை தெரிகிறது. பிறந்த நான்கைந்து மாதத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். நானும் கணவரும் பல இரவுகள் பேசி, பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம்.

என் கேள்வி சிறியது. மகளைச் சுமந்தபோது கொரோனா ஊரடங்கு, வளைகாப்பு நடக்கவில்லை. இந்த முறை ஏழாம் மாதத்தில் நடத்தியே தீர்வேன் என்கிறார் மாமியார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. உறவினர்களிடம் வளைகாப்புக்கு முன்பே சொல்வதா, குழந்தை பிறந்த பிறகு சொல்வதா? என் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கிரகணத்தன்று நான் கல்லூரிக்குப் போனதுதான் காரணமோ என்று அழுகிறார். எங்களுக்குப் பிறகு இந்தக் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. இவர்கள் தெய்வக் குழந்தைகள் என்று ஒருவர் எழுதியதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தேறினேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன புரியும்?

பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேறொரு கோபத்தில் இருந்தேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அத்தையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். மருத்துவர் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு அத்தையின் மகனிடம் கேட்கிறார்: "சாப்பிடுகிறார்களா? ராத்திரி தூங்குகிறார்களா?" அத்தை இவர் வாயையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவளுக்குப் போனது வலது கையும் பேச்சும். காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த எரிச்சலோடு வந்து உட்கார்ந்தால், "அவளுக்கு என்ன புரியும்" என்று முடிகிறது உங்கள் கடிதம்.

சில்லறைக் கணக்குகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். கிரகணம். கணித ஆசிரியையான நீங்கள் இந்த வரியை எழுதியதற்கே உங்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். டவுன் சிண்ட்ரோம் வருவது இப்படி: கருமுட்டை பிரியும்போது, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21ஆம் எண் ஜோடி பிரியாமல் ஒன்றாகவே போய்விடுகிறது. 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 ஆகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான். கூடுதலாக வரும் ஒன்று பத்தில் ஒன்பது முறை தாயின் முட்டையிலிருந்தே வருகிறது. உடனே பழியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த முட்டை, நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, இத்தனை வருடம் காத்திருந்தது. வயது கூடக் கூடப் பிழைக்கு வாய்ப்பும் கூடுகிறது; 35 வயதில் ஏறத்தாழ 350 பிரசவத்தில் ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. கிரகணம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கோபப்படாமல் சொல்லுங்கள். அவர் அழுவது உங்களுக்காக.

பெற்றுக்கொள்ள முடிவெடுத்ததற்கு உங்களை நான் பாராட்டப் போவதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் கண்டித்திருக்கவும் மாட்டேன். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரத்துக்குப் பிறகும். தூக்கிச் சுமக்கப் போகிறவர்கள் நீங்கள் இருவர். ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அதில் கருத்து எதற்கு?

உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை இன்று ஒதுக்கி வையுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்கலாம். நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. பிறக்காத குழந்தைக்கு முன்னால் உங்கள் கருமாதியை நடத்திப் பார்க்காதீர்கள். இப்போது உங்கள் தலையில் இருக்க வேண்டியது அந்த இதய அறுவை சிகிச்சை மட்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். அதை இப்போது சரிசெய்ய முடிகிறது. குழந்தை இதய அறுவை சிகிச்சை வசதி இருக்கும் இடத்தை இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி தெய்வக் குழந்தை.

என் பெரியம்மாவின் மகன் 1968இல் பிறந்தவன். அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனை நான் ஒரு நாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. அவனுடைய அக்காவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது முதுகில் அறை விழுந்தது. அவனைக் கூப்பிட்டபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவன் குட்டி. 43 வயதில், முன்தலை நரைத்து இறந்த அன்றும் "குட்டி போய்விட்டது" என்றுதான் ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய்விட்டது! தெய்வமாக்கினால் இதுதான் நடக்கும். தெய்வத்துக்கு வயது ஏறாது, கோபம் வராது, வேலை கொடுக்க வேண்டியதில்லை. முக்கியமாக, தெய்வத்திடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை.

பெரியம்மாவிடமே யாரும் எதையும் சொல்லவில்லை. பிரசவித்த ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரியப்பாவை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பெரியம்மா காதில் விழுந்தது "மங்கோல்" என்ற ஒரு சொல். லண்டன் மருத்துவர் லேங்டன் டவுன் 1866இல் இந்தக் குழந்தைகளின் முகத்தை மங்கோலியர் முகத்தோடு ஒப்பிட்டு எழுதியதிலிருந்து வந்த பெயர். கூடுதல் குரோமோசோமைப் பற்றி 1959லேயே பாரிஸில் எழுதிவிட்டார்கள். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனம் 1965இல் அந்தப் பெயரைக் கைவிட்டும்விட்டது. இரண்டு சேதியும் கும்பகோணத்துக்கு வந்து சேரவில்லை. எட்டாம் வகுப்பு படித்த பெரியம்மாவுக்கு அந்த ஓசையில் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் மாங்கோ. மசக்கையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காயாகத் தின்று தீர்த்தவள் அவள். அதுதான் பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நீலமும் வரவில்லை, ருமானியும் வரவில்லை. அவளுக்கு அறுபது வயது ஆன பிறகுதான் எனக்கே இது தெரியும். விளக்கிச் சொன்னேன். "அப்படியா" என்றாள். மாம்பழம் மட்டும் கடைசிவரை சாப்பிடவில்லை.

பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். குட்டியைப் பத்து வயதில் கடைக்கு அழைத்துப் போனார். பொட்டலம் மடிக்கத் தெரியுமா உங்களுக்கு? காலாக வெட்டிய செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, அடிமுனையைத் திருகி, பருப்பைக் கொட்டி, வாயை உள்பக்கமாக மடித்து, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, சுண்டி அறுக்க வேண்டும். குட்டியின் விரல்கள் குட்டை, பிடியும் தளர்ச்சி. கூம்பு நிற்பதற்கே ஒரு வருடம் ஆனது. நூல் சுற்ற இன்னொரு வருடம். சுண்டி அறுப்பது மட்டும் வரவே இல்லை, பல்லால் கடித்தான். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பெரியப்பா ஒரு கத்தரிக்கோலை வாங்கி, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். முடிந்தது பிரச்சினை. பத்து வருடம் அந்தக் கடையின் பொட்டலமெல்லாம் அவன் மடித்தவை. கடைக்கு மூட்டை இறக்க வருகிறவர் மட்டும் அவனைச் சின்ன முதலாளி என்று கூப்பிடுவார். கேலியாகக் கூப்பிடவில்லை, அவர் சுபாவம் அது.

1989 ஆடியில் பெரியப்பா திடீரென்று இறந்தார். பெண்கள் அலறத் தொடங்குவதற்குள் என் மாமா என்னைக் கூப்பிட்டு, "குட்டியை அடுத்த தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு என்ன புரியும், பயந்துவிடுவான்" என்றார். கூட்டிப்போனவன் நான்தான். எனக்கு 19 வயது, திருச்சியில் கல்லூரி. அப்பா எங்கே என்று கேட்டான். திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிறார் என்றேன். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அழைத்து வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை அவன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். சுண்ணாம்பால் எண் போட்ட பலகைக் கதவுகள் மூடியிருந்தன. படியில் உட்கார்ந்தான். உச்சி வெயில் வந்த பிறகு யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்க மாட்டான். என் தோளுக்குப் பின்னால் பார்ப்பான். திருச்சியிலிருந்து வருகிறவன் நான் அல்லவா?

பன்னிரண்டாம் நாள் மூட்டைக்காரர் அவனைப் படியில் பார்த்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். பிறகு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேராகக் காவிரிக் கரைச் சுடுகாட்டுக்குப் போய், இடத்தைக் காட்டி, "அப்பா செத்துவிட்டார் சின்ன முதலாளி. இங்கேதான் எரித்தோம். இனி வர மாட்டார்" என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க குட்டி அழுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா மடியில் தலையை முட்டி முட்டி அழுதான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூட்டைக்காரரைத் திட்டினோம். அறிவிருக்கிறதா என்று நானே கேட்டேன்.

மறுநாள் அவன் கடைப்படிக்குப் போகவில்லை. பெரியம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டான், அவள் எழுந்தால் எழுந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்தபோது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான். அப்பா எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. என்னிடம்தான் ஒரு மாற்றம் தெரிந்தது. அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும், கோயிலில் இன்று சுண்டல் என்று சொன்னால்கூட, மூட்டைக்காரரிடம் போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் நம்புவான். அவனுக்கு என்ன புரியும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே தீருவேன். இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு பிந்தி வரும். நாக்கும் வாய்த் தசையும் ஒத்துழைக்காது. பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். வாயிலிருந்து வருவதை வைத்து உள்ளே போனதை அளக்காதீர்கள். பலருக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு கேட்பது மந்தமாகும். "சொன்னால் விளங்கவில்லை" என்று வீட்டார் எழுதிவைத்துவிடுவார்கள். காதைச் சோதியுங்கள், ஒரு முறை பார்த்ததோடு விடாதீர்கள். தைராய்டு பிறந்ததும் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது சீக்கிரம் பதியும் என்பதால், சொல்லும்போது காட்டியும் சொல்லுங்கள். மூட்டைக்காரர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது கைக்குழந்தைதானே என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். எங்கே போகிறோம் என்று அதன் காதில் சொல்லுங்கள். பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

உங்கள் மகள். ஐந்து வயது. நீங்களும் கணவரும் பல இரவுகள் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து அறையில் அவள் தூங்கினாள் என்று யார் சொன்னார்கள்? இன்றைக்கே சொல்லுங்கள்: பாப்பா வரப்போகிறது, அதற்கு நெஞ்சில் ஓர் ஆபரேஷன் நடக்கும், நடக்கவும் பேசவும் உன்னைவிட அதிக நாள் ஆகும், உன்னை அக்கா என்று கூப்பிடும். பயந்தால் பயப்படட்டும். கேள்வி கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், திருச்சிக்கு மட்டும் யாரையும் அனுப்பிவிடாதீர்கள்.

ஆமாம், வளைகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பே சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் நீங்கள் போய் நிற்க வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும், அவருடைய அம்மா. வளையல் அடுக்க வந்த யாராவது கிரகணம் என்று ஆரம்பித்தால், புளிசாதத் தட்டைக் கையில் கொடுத்து அந்தப் பக்கம் உட்காரவையுங்கள்.