தோட்டம் போட்டுக் குடுத்தா அழுதே ஆகணுமா?

கேள்வி: ஊர்லேர்ந்து வந்திருக்கிற எங்க அத்தை மத்தியானம் ஆனா போதும், தோட்டத்த மாத்திக் குடுக்கற டிவி நிகழ்ச்சி முன்னாடி உக்காந்துடறாங்க. இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது, ஆனா கடைசில வீட்டுக்காரங்க கண்ணத் தொறந்து பாக்கறப்ப இவங்களும் சேந்து அழறாங்க. எனக்கு எரிச்சல்தான் வருது, என் மனசு கல்லாயிடுச்சா? போன வாரம் அழுது முடிச்சுட்டு, "எல்லாம் சரிம்மா, அந்தப் பழைய ரோஜாவப் பிடுங்கி எங்க போட்டாங்க?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. – ஒரு மருமகள், லண்டன்

பதில்: கல்லெல்லாம் ஆகலம்மா. அத்தைக்கு இதுக்கு இங்கிலீஷே தேவையில்ல, வீட்டுக்காரம்மாவ தோள்ல கை வெச்சு கூட்டிட்டு வருவாங்க, பின்னாடி பியானோ மெதுவா ஆரம்பிக்கும், அந்தம்மா வாயப் பொத்திக்குவாங்க, கேமரா தோட்டத்தக் காட்டாம மூஞ்சியவே காட்டிட்டு நிக்கும். நம்ம சீரியல் பாத்து வளந்த கண்ணுக்கு இதெல்லாம் தாய்மொழி மாதிரி. நானும் ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல பாத்து கண்ணத் தொடச்சிருக்கேன், அடுத்த நிமிஷமே யாரோ பாக்கெட்ல கைய விட்ட மாதிரி ஒரு கோபமும் வந்திருக்கு.

இது முன்னாடி இப்படி இல்ல. 1997ல பிபிசில கிரவுண்ட் ஃபோர்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஆலன் டிட்ச்மார்ஷ், சார்லி டிம்மாக், டாமி வால்ஷ் மூணு பேரும் வீட்டுக்காரர் வெளிய போன ரெண்டு நாள்ல அவருக்குத் தெரியாம தோட்டத்தையே மாத்திடுவாங்க, தென்னாப்பிரிக்காவுல மண்டேலாவோட குனு கிராமத்து வீட்டுக்கே போய் பண்ணினாங்க. அதுல இருந்த உணர்ச்சி பெரும்பாலும் ஆச்சரியம், அப்புறம் முடிக்க முடியுமாங்கற பதட்டம், மழைல நனைஞ்சுக்கிட்டு பலகை அடிக்கறது. அதே டிட்ச்மார்ஷ் 2011ல ஐடிவிங்கற இன்னொரு சேனல்ல ஆரம்பிச்ச லவ் யுவர் கார்டன் போகப் போக வேற மாதிரி ஆயிடுச்சு, அங்க முதல்ல கஷ்டக் கதை வரும், நோய், இழப்பு, ஊருக்கு உழைச்ச குடும்பம், அதுக்கப்புறம்தான் மண்வெட்டி. ஒருத்தருக்கு தோட்டம் வேணும்னா ஆசை இருந்தா பத்தாது, தகுதியான ஒரு துக்கம் இருக்கணும்ங்கற மாதிரி ஆயிடுது. உங்க எரிச்சல் அங்கேர்ந்துதான் வருதுன்னு நெனக்கிறேன்.

ரோஜாவா? பெரும்பாலும் குப்பை வண்டிக்குத்தான் போயிருக்கும். "முன்னாடி" எவ்ளோ அசிங்கமா தெரியுதோ அவ்ளோ அழுகை வரும் "பின்னாடி", அதனால பழசுல காப்பாத்தற மாதிரி ஏதாவது இருந்தாலும் கதைக்கு அது இடைஞ்சல்.

கேள்வி: கஷ்டப்படறவங்களுக்கு இலவசமா தோட்டம் போட்டுத் தர்றாங்க, அதுலயும் குறை சொல்லணுமா? நீங்க போட்டுக் குடுப்பீங்களா? – கோபத்தோட ஒரு வாசகர், கோவை

பதில்: சத்தியமா நான் போட்டுக் குடுக்க மாட்டேன் சார், எங்க வீட்டு துளசியே என்ன நம்பி இல்ல. நல்லது பண்றாங்க, அதுல சந்தேகமே கிடையாது. கஷ்டப்படறவங்க வீட்ட சரி பண்ணிக் குடுக்கற பிபிசியோட டிஐஒய் எஸ்ஓஎஸ் நிகழ்ச்சில அக்கம்பக்கத்து கொத்தனார், எலக்ட்ரீஷியன், தச்சர்னு கூட்டமா வந்து காசு வாங்காம வேல பாப்பாங்க, அத்தன முரட்டு ஆளுங்க கடைசி நாள் வரிசையா நின்னு மூக்க உறிஞ்சறத பாத்தா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும், ஏன்னா அவங்க அழறதுக்கு முன்னாடி அவங்க வேல செஞ்சத நாம பாத்துட்டோம்.

என் குறை எங்கன்னா, அழுகைக்கு நேரம் போக தோட்டத்துக்கு நேரமே மிச்சம் இருக்கறதில்ல. சக்கர நாற்காலில இருக்கிறவருக்கு போட்ட தோட்டம்னு வைங்க, நடைபாதை எவ்ளோ சரிவு இருக்கணும் (ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளமாவது வேணும்), உக்காந்தபடியே கை எட்டற மாதிரி பாத்திய எவ்ளோ உசத்தணும், சரளைக்கல் போட்டா சக்கரம் ஏன் புதையும், இதெல்லாம்தான் அந்த மனுஷனுக்கு உண்மையான அன்பு, ஆனா இது திரைல சர்ருனு போயிடும், மூஞ்சி மட்டும் ஸ்லோவா வரும்.

இன்னொண்ணு, அழற நாள்ல அது இன்னும் தோட்டமே ஆகல சார்! புல்லு பாய் மாதிரி சுருட்டி வந்தது, வேர் பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் தண்ணி விட்டுட்டே இருக்கணும், மேல நடக்கவும் கூடாது. செடிங்க நர்சரிலேர்ந்து பூத்த நிலைலயே வந்தது, கேமராவுக்கு நெரிசலா தெரியணும்னு நெருக்கி வெச்சிருந்தா ரெண்டு வருஷத்துல ஒண்ண ஒண்ணு அமுக்கும், யாராவது பிடுங்கி மாத்தி நடணும். உடம்பு முடியாத குடும்பத்துக்கு அத யார் பண்ணுவா? வீட்டையே மாத்திக் குடுத்த அமெரிக்க எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்ல பெரிய வீடு கெடச்ச சில குடும்பங்க வரியும் கரண்ட் பில்லும் கட்ட முடியாம திணறினது செய்தியாவே வந்துச்சு. தோட்டத்துக்கு பில் வராது, களை வரும்.

கேள்வி: அப்ப டிவி தோட்டத்துல உணர்ச்சியே இருக்கக் கூடாதுங்கறீங்களா? – ஒரு மாணவி, திருச்சி

பதில்: ஐயோ, தாராளமா இருக்கலாம். பிபிசில கார்டனர்ஸ் வேர்ல்ட்னு ஒரு தோட்ட நிகழ்ச்சி 1968லேர்ந்து ஓடுது, இப்ப மான்டி டான் தன் சொந்தத் தோட்டத்துல நின்னு நடத்தறார், மாத்தறது, கண்ணக் கட்டறது எதுவும் இல்ல, போன வருஷம் நட்டது இந்த வருஷம் வந்துச்சா பட்டுப்போச்சான்னு பாக்கறது அவ்ளோதான். அவர் பின்னாடியே நைஜல்னு ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாய் வாய்ல பந்தோட சுத்திட்டு இருக்கும், அத யாரும் அறிமுகம் பண்ணி பியானோ வாசிக்கல, வருஷக்கணக்கா சும்மா ஃப்ரேம் ஓரத்துல படுத்துக் கெடந்துச்சு. 2020 மே மாசம் அது செத்துப்போனப்ப எங்கெங்கயோ இருக்கிற ஜனங்க அழுதாங்க, நானும்தான். அந்தத் தோட்டத்துலயே புதைச்சார், கூட டென்னிஸ் பந்துகளையும் போட்டு.