ஒட்டும் சரி, மரமும் சரி, மேசை ஏன் வெடித்தது?

கேள்வி: பொருள் வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். போன கார்த்திகையில் கல்லூரிப் பட்டறையில் ஒரு தாழ்மேசை செய்தேன். ஓர் அங்குல கனமுள்ள தேக்குப் பலகை மூன்றைப் பக்கவாட்டில் ஒட்டி 18 அங்குல அகலத்துக்கு மேல்பலகை. அதைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம், மூலைகளை 45 டிகிரியில் அறுத்து ஃபெவிகால் போட்டுச் சேர்த்தேன். மேல் பக்கம் வார்னிஷ் அடித்தேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டேன். சித்திரையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. இரண்டு மூலைகள் விரிந்துவிட்டன. பட்டறை மாஸ்டர் ஒட்டு சரியில்லை என்கிறார். தாத்தா மரம் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்கிறார். யார் சொல்வது சரி? மேசையைக் காப்பாற்ற முடியுமா? அடுத்த பருவத்தில் ஆயாவுக்கு ஒரு மணையும் அஞ்சறைப் பெட்டியும் செய்யப்போகிறேன். அவையும் இப்படி ஆகாமல் எப்படிச் செய்வது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பு ஒட்டின கோட்டில் போகவில்லை. அதற்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி, மரத்துக்குள்ளேயே போயிருக்கிறது. இரண்டு உதடுகளிலும் நார் கிழிந்து நிற்கிறது. ஒட்டு விட்டிருந்தால் கோடு போட்டமாதிரி வழவழவென்று பிரிந்திருக்கும். உங்கள் ஒட்டு மரத்தைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது. மரமும் நல்ல வைரம் பாய்ந்த தேக்கு, நிறத்திலேயே தெரிகிறது. கடைக்காரரைத் திட்ட வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்லுங்கள்.

தப்பு அந்த நாலு பக்கச் சட்டத்தில் இருக்கிறது.

விளக்குமாற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். கட்டு இறுகும், ஆனால் குச்சி நீளாது. மரமும் அப்படி ஒரு குச்சிக் கட்டுதான். காற்றில் ஈரம் ஏறினால் நரம்புக்கு, அதாவது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே பருக்கும், காய்ந்தால் குறுக்கே சுருங்கும். நீளவாக்கில் நடக்கும் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. வெட்டி, காயவைத்து, இழைத்து, மெருகு போட்டு நூறு வருடம் ஆன பலகையும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பச்சை மரத்தில் ஈரம் சுமார் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். அங்கிருந்து ஒட்ட உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் இரண்டரை சதவீதமும் சுருங்கும். அதாவது சாதாரணமாக அறுத்த பலகையில் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் மாறும். என் பட்டறையில் கிடக்கும் பலகைகளில் ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால் கார்த்திகை அடைமழையில் 14 சதவீதம் காட்டும், அக்னி நட்சத்திரத்தில் 8 காட்டும். ஆறு சதவீத வித்தியாசம். உங்கள் 18 அங்குலப் பலகைக்கு அது 0.216 அங்குலம். எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற நம் ஆசாரிக் கணக்கில் ஒன்றே முக்கால் நூல்.

இந்த ஒன்றே முக்கால் நூலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேசையைப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் குறுக்காக ஓடும் சட்டத்துக்கு அந்தத் திசை நீளவாக்கு, அது அசையாது. நடுப்பலகைக்கு அதே திசை குறுக்குவாக்கு, சுருங்கியே தீரும். ஒன்று அசையமாட்டேன் என்கிறது, இன்னொன்று சுருங்குவேன் என்கிறது, இரண்டையும் ஃபெவிகால் பிடித்து நிறுத்தியிருக்கிறது. விறகு பிளக்கிறவருக்குத் தெரியும், மரத்துக்குப் பலவீனம் எந்தப் பக்கம் என்று. அந்தப் பக்கம்தான் விட்டது. நீளச் சட்டங்கள் இரண்டும் பலகையோடு சேர்ந்து உள்ளே இழுபட்டதால் மூலைகள் விரிந்தன. மேல் பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்ததும் தோதாகிவிட்டது. அடிப்பக்கம் சீக்கிரம் காய்ந்திருக்கும், மேல் பக்கம் நிதானமாகக் காய்ந்திருக்கும். வார்னிஷ் ஈரத்தை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அதனால் அடித்தால் இரண்டு பக்கமும் அடியுங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் காட்பாடியில் ஒரு வீட்டுக்குப் பூஜை அலமாரிக் கதவு செய்தேன். ஐப்பசி மழை. நடுப்பலகை காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் லேசாக ஆடியது, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. காடி முழுக்க ஒட்டைப் பூசி இறுக்கிவிட்டேன். அடுத்த வைகாசி, உச்சி வெயில் நேரத்தில், பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வீட்டம்மா சாமிக்குத்தம் என்று பயந்துபோய் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கூலி வாங்காமல் வேறு கதவு செய்து கொடுத்தேன். அந்த ஆட்டம் குறையில்லை, பலகை மூச்சு விடுவதற்கான இடம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு மாணவர்கள் போவார்கள், கல்வேலையைப் பார்த்து வாய் பிளப்பார்கள். கல்லுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது! மர வேலை கற்க வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே ஏதாவது பழைய ஓட்டு வீட்டு வாசற்கதவைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் கனமான சட்டம், உள்ளே காடியில் செருகிய மெல்லிய பலகை. நடுப்பலகையின் ஓரத்தில் சாயம் ஏறாத ஒரு வெளிர்க் கோடு தெரிந்தால் அது கோடையில் பலகை சுருங்கி வெளியே எட்டிப் பார்க்கிற இடம். சாயம் பூசினவருக்கு அது மழைக்காலத்தில் கண்ணில் பட்டிருக்காது.

சரி, உங்கள் மேசை. காப்பாற்றலாம். முனைச் சட்டங்கள் இரண்டையும் அறுத்து எடுத்துவிடுங்கள். வெடிப்பின் மேலேயே நேராக ரம்பம் ஓட்டிப் பலகையை இரண்டாக்கி, ஓரங்களை இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அரை அங்குல அகலம் போகும், போகட்டும். வெடிப்புக்குள் மரத்தூளும் ஒட்டும் குழைத்து அடைக்கிற வேலை மட்டும் வேண்டாம். மழையில் பலகை பருக்கும்போது அந்த அடைப்பே ஆப்பு மாதிரி வேலை செய்யும். நீளச் சட்டங்கள் இருக்கலாம், அவற்றின் நரம்பும் பலகையின் நரம்பும் ஒரே திசை. முனைகளில் சட்டம் வேண்டவே வேண்டாம், பலகையின் வெட்டுமுகம் தெரியட்டும். எனக்கென்னவோ அதுதான் அழகும்கூட.

பலகை வளையாமல் இருக்க அடியில் இரண்டு குறுக்கு ரீப்பர் கொடுங்கள், ஆனால் ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு ரீப்பரிலும் நடுத்துளை வட்டமாக இருக்கட்டும், இரண்டு ஓரத் துளைகளைப் பலகையின் அகலத் திசையில் இரண்டு நூல் நீளத்துக்குப் பிளவுபோல இழுத்துவிடுங்கள். அதற்குள் திருகாணி, தலைக்கு ஒரு வாஷர். இந்த வேலையைக் கோடையில் செய்தால் திருகாணி பிளவின் உள்முனையில் நிற்க வேண்டும், பலகை இனிமேல் வெளியேதான் பருக்கும். மழையில் செய்தால் வெளிமுனையில். கூட இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், பென்சிலால் ரீப்பர்மேலே எழுதிவையுங்கள். கால்களைத் தாங்கும் சட்டகத்தோடு மேல்பலகையைச் சேர்க்கிற இடத்திலும் ஒட்டு கூடாது, இதே பிளவுத்துளைதான்.

அடுத்து மணை. எங்கள் வீட்டில் ஒரு பழைய பூவரச மணை இருக்கிறது. அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள், ஆணியே கிடையாது. பலகையில் டவ்டெயில் காடி, அதாவது வாய் குறுகி அடி விரிந்த பள்ளம் எடுத்து, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நூலளவு குறுகலாகவும் விட்டு, கட்டையைத் தட்டி ஏற்றியிருக்கிறார் யாரோ ஒரு ஆசாரி. கட்டை பலகையை வளையவிடாது, ஆனால் பருக்கவும் சுருங்கவும் விடும். கோடையில் கட்டை தளர்ந்தால் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, சரியாகிவிடும். நீங்கள் தேடுகிற விடை முழுக்க அந்தப் பலகையின் அடியில் இருக்கிறது. ஆயா வீட்டு மணையையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மணைக்குப் பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், ஆட்டம் குறைவான மரம். தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். சாலையோர மரமென்று அலட்சியமாகப் பேசுவார்கள், ஆனால் சுருக்கத்தில் அது தேக்கைவிடச் சாது. செம்மரத் துண்டு, சந்தனத் துண்டு சல்லிசாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். ஜவ்வாது மலை பக்கத்தில் இருக்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த மரமானாலும் பில்லோடு வாங்குங்கள்.

அஞ்சறைப் பெட்டிதான் கொஞ்சம் யோசிக்கவைக்கிற சாமான். நாலு சுவர்களிலும் நரம்பு படுக்கைவாக்கில் சுற்றி வரட்டும். அப்போது ஈரம் ஏறினால் நாலும் சேர்ந்து உயரத்தில் மாறும், மூலைக்கு வலி இல்லை. அங்கே ஒட்டு போடலாம், பற்களாக அறுத்து டவ்டெயிலாகவும் கோக்கலாம். அடிப்பலகையைக் காடியில் சும்மா உட்காரவையுங்கள். அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளிலும் நரம்பு படுக்கையாகவே ஓடட்டும், ஒன்றுக்கொன்று பாதி வெட்டிச் செருகினால் போதும்.

வம்பு செய்வது இழுப்பு மூடி. 6 அங்குல அகல மூடி என்றால், மேலே போட்ட அதே கணக்கில் அரை நூலுக்குக் கொஞ்சம் மேலே ஆடும். கோடையில் கச்சிதமாக இழைத்துச் செருகினீர்களோ, ஐப்பசியில் ஆயா மூடியோடு மல்லுக்கட்டுவார், கடுகு உள்ளேயே இருக்கும். நரம்பை மூடியின் குறுக்காக ஓடவிட்டால் அகலம் மாறாது, நீளம்தான் மாறும், அதற்கு முனையில் இடம் விட்டுவிடலாம் என்று உங்கள் வகுப்பில் யாராவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்லக்கூடும். கணக்குப்படி சரிதான். ஆனால் 10 அங்குல நீள மூடியை விரல் வைத்துத் தள்ளுகிறபோது அது குறுக்கே பட்டென்று ஒடியும். நான் நீளவாக்கு நரம்பைத்தான் சொல்வேன். கால் வளையமாக, அதாவது முனையில் பார்த்தால் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கிற பலகையாகத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும்.

பெட்டிக்கு உள்ளே எந்த மெருகும் வேண்டாம். வார்னிஷ் நாற்றம் சீரகத்தில் ஏறினால் போகவே போகாது. வெளியே ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக இரண்டு கை போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், உலராது, நாளடைவில் சிக்கு வாடை வரும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள்.

மரம் காய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் தட்டுவேன், நம்பமாட்டேன். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு அறுங்கள். சமையலறை மின்தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் மின் அடுப்பில் (ஓவனில்) வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்து, எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். முதலில் 92 கிராம், கடைசியில் 80 கிராம் என்றால் போனது 12 கிராம். அதை 80-ஆல் வகுத்தால் 15 சதவீத ஈரம். கூடத்தில் வைக்கிற சாமானுக்கு இந்த மரம் இன்னும் சில வாரம் வீட்டுக்குள் கிடக்க வேண்டும், பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து, வெயில் படாமல். பச்சை மரமாக வாங்கினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. முனைகளுக்கு மெழுகோ பெயின்ட்டோ பூசிவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.

உங்கள் பருவம் ஆடியில் தொடங்கும் என்று நினைக்கிறேன். கோடைச் சூடு குறைந்திருக்கும், மாலை மழை எட்டிப்பார்க்கும், ஆனால் மரம் இன்னும் முழுக்கப் பருத்திருக்காது. மூடிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை நூல் விடுங்கள். காடிக்குள் துளி மெழுகு தேயுங்கள். ஆட்டத்தைப் பார்த்துப் பட்டறை மாஸ்டர் கேட்டால், கார்த்திகையில் வந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.