காயத்தை அப்படியே நடிக்கலாமா? அரங்க ஆற்றுப்படுத்தல்: கேள்வி பதில்

மட்டக்களப்பில் பெண்கள், இளைஞர் குழுக்களோடு, நடிப்பு, விளையாட்டு, கதை வழியாக மனக்காயம் ஆற உதவும் அரங்க வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

நாவலடியிலிருந்து ஒருவர்: அக்கா, எங்கள் மாதர் சங்கத்தில் சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அந்த நாளை அப்படியே நடிக்க வைத்தால் மனப்பாரம் இறங்குமாம். செய்யலாமா?

செய்யாதீர்கள். அழவைத்துவிட்டால் எல்லாம் சரி என்ற நினைப்புத்தான் இந்த வேலையில் பெரிய கெடுதி. ஆயத்தமில்லாமல் நடந்ததைத் திரும்ப நடித்தால், அது நடிப்பென்று உடம்புக்குத் தெரியாது. நெஞ்சு படபடக்கும், கைகால் விறைக்கும். அன்றிரவு அந்த அம்மா வீட்டில் தனியே கிடந்து தவிப்பார். நாங்கள் சுற்றுவழியில்தான் போவோம். முதலில் மூச்சு, நடை, கைதட்டு, சிரிப்பு விளையாட்டு. இதற்கே வாரக்கணக்கில் போகும். பிறகு வேறு யாருடையவோ கதை. ஒரு குழுவில் அதிகம் கதைக்காத ஒரு அம்மா இருந்தார். கூடு கலைந்த குருவியின் கதை. குருவியாக வரமாட்டேன், மரமாக நிற்கிறேன் என்றார். கையை விரித்தபடி நின்றார், அவ்வளவுதான். அடுத்த முறை குருவியைப் பார்த்து, “இந்தக் கொப்பில வந்து இரு” என்று தானாகவே ஒரு வசனம் சொன்னார். உடனே “உங்கட பிள்ளைய நினைச்சீங்களா?” என்று யாரும் தோண்டவில்லை. எவ்வளவு கிட்டப் போவது என்பது அவருடைய முடிவு.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்: இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குத்தானே?

பாதி உண்மை, சேர். மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1921இல் வியன்னாவில் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் உளநாடகம், அதாவது நடிப்பு வழியாக மனதுக்குச் சிகிச்சை செய்யும் முறை, வளர்ந்தது. ஆனால் 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியாகிவிட்டது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள்.

வடமோடிக் கூத்தாடும் ஒருவர்: அப்ப, எங்கட கூத்தும் மருந்துதானே?

மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல துணை. மத்தளத்துக்குக் கால் வைக்கும்போது மூச்சு ஒழுங்குக்கு வரும். கூத்துக் களரியில் மாதக்கணக்கில் ஊரோடு சேர்ந்து பழகுவது தனிமையை உடைக்கும். அதற்காகக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை, மனக்கவலை கேட்டு வழிகாட்டும் உளவளத்துணையாளராக்கிவிடாதீர்கள், பாவம்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: வீதி நாடகத்தில் ஆமிக்காரனாக நடித்த எங்கள் பையன் இரண்டு நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை.

வேஷத்தை உடுப்போடு கழற்றினால் போதாது, தம்பி. நடித்து முடிந்ததும் துப்பாக்கித் தடியைக் கீழே வைத்து, கைகால் உதறி, முகம் கழுவி, தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்ல வேண்டும். “நான் அவனில்லை” என்று குழு முன்னால் சொல்லட்டும். பிறகு தேத்தண்ணி, சும்மா கதை. இது இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இப்போது நீங்களே போய் அவன் பக்கத்தில் இருங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் உளவளத்துணையாளர் ஒருவரிடம் கூட்டிப்போங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு சகோதரி: 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கணவர் இரவில் திடுக்கிட்டு எழும்புகிறார். இப்போது குடியும் சேர்ந்துவிட்டது. உங்கள் குழுவில் சேர்க்கலாமா?

இப்போது வேண்டாம், தங்கச்சி. முதலில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். செத்துவிடலாம் என்று கதைத்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். குழு பிறகு.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் பெண்கள் ஆட்கள் முன்னால் நடிக்கக் கூச்சப்படுகிறார்கள். நிதி தரும் நிறுவனமோ கடைசியில் மேடையேற்றம் கேட்கிறது.

மேடையே தேவையில்லை. பெண்கள் மட்டும், கதவு சாத்திய அறை, துணிப்பொம்மை போதும், பொம்மை கதைக்கட்டும். நிறுவனத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், எல்லாரும் சேர்ந்து கட்டிய பகிடிக் கதை ஒன்றைக் காட்டுங்கள், அதுவும் பெண்கள் சம்மதித்தால். அறைக்குள் சொன்ன கதைகளைப் படம் எடுக்கவோ, அறிக்கையில் எழுதவோ விடாதீர்கள். இதைத் திட்டம் கையெழுத்தாகும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.