ஒரு ரெஃபரல் கடிதத்தின் பின்னாலேயே போங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கேட்கிறார்: "குவாசூலு-நாட்டால் முழுக்க அரசு ஆஸ்பத்திரி, கிளினிக், தனியார் டாக்டர் எல்லாரும் நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்துகொள்ள ஒரு ஏற்பாடு பற்றிப் பேச்சு நடக்கிறது. கிளினிக் கமிட்டியில் இருப்பதால் என்னையும் திட்டக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். யாரையெல்லாம் கூப்பிடுவது, வருகிறவர்களை எப்படிப் பேச வைப்பது?"

அக்கா, மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். போட்டால் பதவிகள்தான் வரும், ஆட்கள் வர மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு ரெஃபரல் கடிதத்தின் பின்னாலேயே போங்கள். சர்க்கரையால் காலில் புண் வந்த ஒரு பாட்டிக்குக் கிளினிக்கில் சிஸ்டர் எழுதித் தருகிறார், அது கைப்பையில் நாலாக மடிந்து டாக்சியில் ஆர். கே. கான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, கவுண்டரில் கிளார்க் பழைய ஃபைலைத் தேடுகிறார், அப்புறம் டாக்டர், லேப், ஃபார்மசி, தேவைப்பட்டால் இங்கோசி ஆல்பர்ட் லுதுலி பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கடிதம். எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொருவரும் எதைத் திரும்ப எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் கைகளெல்லாம் கூட்டத்துக்கு வர வேண்டும்.

குறிப்பாக அந்தக் கிளார்க். நம் ஊரில் கோவெண்டர் என்ற பெயர் எத்தனை பேருக்கு என்று உங்களுக்குத் தெரியும், சாட்ஸ்வொர்த்தில் 'எம். கோவெண்டர்' என்று கூப்பிட்டால் பெஞ்சில் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். அடையாள அட்டையின் 13 இலக்கம் இருந்தால் சரி, அது இல்லாமல் வருகிறவரை, பிறந்த குழந்தையை, வெளிநாட்டிலிருந்து வந்தவரை எப்படிப் பதிவது? நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். உருவாக்கிய எச்.பி.ஆர்.எஸ். என்ற நோயாளிப் பதிவு முறை ஏற்கெனவே கிளினிக்குகளில் இருக்கிறது. அது எங்கே சிக்குகிறது என்று அதிகாரியை விட அதில் தினமும் தட்டுகிறவருக்குத்தான் தெரியும். நான் இருந்த ஒரு திட்டத்தில் பெரிய டாக்டர்களும் மென்பொருள்காரர்களும் மாதக்கணக்கில் பேசினோம், பதிவறையிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. கடைசியில் அவர்கள் ஒரே விவரத்தைப் பேப்பரில் ஒருமுறை, திரையில் ஒருமுறை என்று இரண்டு தடவை எழுதினார்கள், ஒரு வாரத்தில் திரையை விட்டுவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான்.

நோயாளிகளுக்கு என்ன பயம் என்று கேட்டால் ஹேக்கர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கவுண்டரில் இருக்கிற பெண் என் தெருவிலேயே இருக்கிறாள், என் எச்.ஐ.வி. விவரத்தைப் பார்ப்பாளா?" என்பதுதான் கேள்வி. 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்கிறோமே, அது உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைக்கிறது. ஆனால் சட்டத்தை வாசித்துக் காட்டினால் யாருக்கும் தைரியம் வராது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற பதிவை நோயாளியே கேட்டுப் பார்க்க முடியுமா, முடியாதா? இதைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். இந்தப் பேச்சு மட்டும் பெரிய கூட்டத்தில் வேண்டாம், ஐந்தாறு பேராக, ஜூலு மொழியிலும் நடக்கட்டும்.

தனியார் டாக்டர்கள் வருவது கஷ்டம். மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர் நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான், அந்த நோயாளிகளை அரசு தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்ற சந்தேகம் 2024-ல் என்.எச்.ஐ. என்ற தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானதிலிருந்து கூடியிருக்கிறது. அவர்களிடம் கொள்கை பேசாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவரின் டிஸ்சார்ஜ் குறிப்பு அன்றைக்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

லேப்காரர்களை மறக்க வேண்டாம். 2024 ஜூனில் தேசிய லேப் சேவை கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கியபோது அவசர முடிவுகளைப் போனில் சொன்னார்கள். சிஸ்டம் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்க அவர்களை விட்டால் ஆள் இல்லை.

வருகிறவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை? முடிவெல்லாம் முன்பே எடுத்தாயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அழைப்பிலேயே எழுதுங்கள்: இது முடிவானது, இது இன்னும் முடிவாகவில்லை, உங்களிடம் கேட்பது இதைத்தான். சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்று இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். கிளார்க்கும் நர்ஸும் வர வேண்டுமென்றால் அன்றைக்கு அவர்கள் இடத்தில் நிற்க ஆள் வேண்டும், கமிட்டிக்காரர்களுக்கு டாக்சிக் காசு வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், அக்கா.