காய்ச்சல் விட்ட பிறகு கால் மரத்துப்போகிறதா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 56. மூன்று வாரத்துக்கு முன் சிக்குன்குனியா வந்து காய்ச்சல் விட்டுவிட்டது. நாலு நாளாக இரண்டு பாதமும் மரத்துப்போகிறது, இப்போது முழங்கால் வரை ஏறிவிட்டது. வலி பெரிதாக இல்லை, ஆனால் தார்சா படி ஏற முடியவில்லை. காய்ச்சல் சடவுதான் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்டலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை வரை வேண்டாம், இன்றைக்கே கூட்டிப்போங்கள். சிக்குன்குனியா வந்தவர்கள் மாதக்கணக்கில் நொண்டுவதை நம் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால்தான் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது மூட்டுவலியால் வரும் நொண்டல், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தால் கால் தாங்கும். உங்கள் அம்மாவுக்குக் காலே தாங்கவில்லை, அதுவும் கீழிருந்து மேலே ஏறுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் கில்லன் பாரே. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகு சொந்த நரம்புகளையே தாக்குவது. அபூர்வம்தான், ஆனால் 2013-14இல் பிரெஞ்சு பாலினேசியாவில் ஜிகா பரவியபோது 42 பேருக்கு வந்தது, அதுவும் கொசு பரப்பும் வைரஸ்தான்.

பலவீனம் நெஞ்சுத் தசை வரை ஏறினால் மூச்சு திணறும், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 காட்டுகிறதே என்று நம்பி உட்காராதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள், 20 வரை போகாவிட்டால், அல்லது விழுங்கும்போது புரையேறினால், உடனே 108.

வழியில் குளுக்கோஸ் ஏற்றி நேரத்தைக் கழிக்காமல், நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் கால் விழும், அதையும் பார்ப்பார்கள், அதுதான் என்றால் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்க முதுகில் நீர் எடுத்தால் இடுப்பு விழுந்துவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள், தாராளமாகச் சம்மதியுங்கள். முதல் வாரத்தில் அந்த நீர் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

கில்லன் பாரே என்று உறுதியானால் இம்யூனோகுளோபுலின் மருந்தை ஐந்து நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள், அல்லது ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் பலனில்லை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்து விலை அதிகம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். மெதுவாகத்தான் தேறுவார், ஆனால் பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே நடந்துவிடுகிறார்கள். வண்டி வரும்வரை அம்மாவைத் தனியாக பாத்ரூம் போக விடாதீர்கள்.